வடசேரியும் தென்சேரியும்

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கரையோரப் பெருவீதியிற் பயணம் செய்வோர் ஊருக்கு ஊர் காட்சி மாறுவதைக் காண்பர். காரைதீவிற் கண்ணகை அம்மன் கோயில். அதனை அடுத்து நிந்தவூரிற் பள்ளிவாசல். பின்னர் அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. ஒரு புறம் கடல், மறு புறம் வயல்வட்டைகள். முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாலையில் இரு நிறப் பூக்களைத் தொடுத்தாற்போல அடுத்தடுத்து அமைந்துள்ளன. அக்கரைப்பற்றைக் கடந்து மேலும் தெற்கே சென்றால் வருவது தம்பிலுவில். அதற்கப்பால் முருகன் கோயிலாற் புகழ்பெற்ற திருக்கோவில்.

தம்பிலுவில் கண்ணகை அம்மனுக்குரிய ஊர். சிலப்பதிகாரத்துக் கண்ணகியை மட்டக்களப்புத் தேசத்து மக்கள் கண்ணகை என்றே அழைப்பர். இப்பகுதிக் கண்ணகை கோயில்கள் பலவற்றில் ஆண்டு முழுவதும் சாத்தியிருக்கும் கதவு வைகாசி மாதத்திலே திறக்கப்படுகின்றது. சில நாட்கள் சடங்கு நடைபெறும். கண்ணகி வழக்குரை பாடப்படும். முடிவிலே குளிர்த்தி நடைபெற்று, மதுரையை எரித்த தெய்வத்தின் சினம் தணிந்ததென மக்கள் மனங்குளிர்ந்து வீடு செல்வர். இவை யாவும் இன்றும் உள்ளன. ஆனால் இவ்வழிபாட்டோடு ஒட்டிப் பிறந்த ஒன்று மெல்ல மெல்லக் கண்ணுக்கு மறைந்துவிட்டது. அது பூசையும் அன்று, பாட்டும் அன்று; ஒரு விளையாட்டு. கொம்பு விளையாட்டு என்றும், கொம்பு முறித்தல் என்றும், கொம்புமுறி என்றும் அதனைச் சொல்வர்.

விளையாட்டின் உருவம் எளியது. வளைந்த கட்டை இரண்டு. ஒன்றின் வளைவை மற்றொன்றின் வளைவிற் கொழுவிவிடுவர். ஒவ்வொன்றிலும் கயிறு கட்டப்படும். இரு கட்சியாரும் இழுப்பர். எக்கட்சியின் கொம்பு முறிகின்றதோ அக்கட்சி தோற்றது. முறியாத கொம்பை உடையவர் வென்றவர். பந்து இல்லை, இலக்குக் கம்பம் இல்லை, புள்ளிக் கணக்கு இல்லை. ஒரு முறிவு, அவ்வளவே.

கொம்பு என்ற சொல்லுக்குத் தமிழில் விலங்கின் கொம்பு என்றும் மரத்தின் கிளை என்றும் இரு பொருள் உண்டு. இவ்விளையாட்டுக்கு இரண்டும் பொருந்தும். சிங்கள மக்கள் பத்தினித் தெய்வத்துக்காக ஆடும் இதே விளையாட்டின் பெயர் அங்கெலிய என்பது. அதற்குக் கொம்பு விளையாட்டு என்றே பொருள். மரையின் கொம்பு அங்கே பெரிதும் வழங்கிற்று. மட்டக்களப்புப் பகுதியில் மரக்கொம்பே சிறப்பிடம் பெற்றது. இரு மொழியினரும் ஒரே தெய்வத்தை இரு பெயரால் வணங்கி, ஒரே விளையாட்டை இரு பெயரால் ஆடியிருக்கின்றனர் என்பது நம் நாட்டு வரலாற்றிற் பலரும் நின்று நோக்காத ஒரு செய்தி.

இவ்விளையாட்டு எவ்வாறு தோன்றியது என்பதற்கு மக்கள் சொல்லும் கதை இனியது. கண்ணகியும் கோவலனும் ஒருநாள் மலர் பறிக்கச் சென்றனர். உயர்ந்த மரத்திற் பூத்திருந்த மலரைப் பறிக்க ஆளுக்கொரு கொக்கைத்தடியை நீட்டினர். தடிகள் இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. கண்ணகி இழுத்தாள், கோவலன் இழுத்தான், சிக்கு அவிழவில்லை. அவள் பக்கம் அவளைச் சார்ந்தோரும் அவன் பக்கம் அவனைச் சார்ந்தோரும் வந்து கூடி இழுத்தனர். முடிவில் கோவலனின் தடி முறிந்தது, கண்ணகி நகைத்தாள். இளங்கோவடிகளின் காவியத்தில் இக்காட்சியைத் தேடுவார் ஏமாறுவர். இது நாட்டு மக்கள் தாமே படைத்துக்கொண்ட கண்ணகி. மாதவியும் காற்சிலம்பும் பொற்கொல்லனும் வருமுன்னர், கணவனோடு பந்தயமிட்டு வென்று சிரித்த ஒரு பெண்ணை அவர்கள் காண விரும்பினார்கள். சினந்த தெய்வத்துக்கு அந்தச் சிரிப்பை நினைவூட்டினால் அவள் உள்ளம் குளிரும் என்பது இவ்விளையாட்டின் உட்கிடக்கை எனலாம். குளிர்த்தி நீரால் ஆவதை விளையாட்டுச் சிரிப்பால் ஆக்குகின்றது.

கதையிலுள்ள இரு பக்கத்தாரும் ஊரில் இரு சேரிகளாக நின்றனர். கோவலனைச் சார்ந்தது வடசேரி. கண்ணகியைச் சார்ந்தது தென்சேரி. சேரி என்ற சொல்லை இக்காலத்து நகர வழக்கிற் பொருள்கொள்ளலாகாது. மக்கள் சேர்ந்து வாழும் இடம் என்ற பழம்பொருளே ஈண்டு உரியது. ஒருவர் எச்சேரியைச் சேர்ந்தவர் என்பது பிறப்பால் அமைவது. திறமை நோக்கி ஆள் தெரிதல் இல்லை. விருப்பம்போலக் கட்சி மாறுதலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்துவிடுகின்றார். கழகங்கள் சந்தாப் பணம் வாங்கி உறுப்பினரைச் சேர்க்கின்றன. கொம்பிலோ, தொட்டிலிற் கிடக்கும் குழந்தையும் ஒரு கட்சிக்காரன். கணவன் ஒரு சேரியும் மனைவி மறு சேரியுமாக அமைந்த வீடுகளில், கொம்புக் காலத்தில் அடுப்பங்கரையிலேயே போர் தொடங்கிவிடும். மைத்துனர் முறையார்க்கு அது பெருங்கொண்டாட்டம். ஆண்டு முழுவதும் வாய்க்குட் பூட்டி வைத்த கேலியெல்லாம் அந்நாளிற் கட்டவிழும்.

போட்டி தொடங்குமுன் தேங்காய் வரும். நல்ல ஓடுள்ள தேங்காய்களைத் தேர்ந்து வைத்து, ஒன்றோடொன்று மோதவிட்டு, உடையாத தேங்காய்க்கு வெற்றி சொல்வது போர்த்தேங்காய். யாழ்ப்பாணத்தார் இதனைச் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டாக அறிவர். கொம்பின் முன்னுரையாக இது வருவதிற் பொருத்தம் உண்டு. இரண்டிலும் ஒரே நியதி. வலியது நிற்கும், மெலியது பிளக்கும். அதன் பின்னர் சிறு கொம்புகளில் தொடங்கிப் பெருங்கொம்புக்குச் செல்வர். சிறுவரும் இளைஞரும் முதலிற் கைவைப்பது சிறு கொம்பிலேதான். பெரியோர் சுற்றி நின்று பார்ப்பர். எந்த வளைவு எவ்விடத்தில் முறிந்தது, கயிறு எங்கே நழுவிற்று, எந்தப் பையன் காலை ஊன்றத் தவறினான் என்பதெல்லாம் அங்கே பேசப்படும். ஏட்டில் எழுதாத கல்வி அது.

இந்தக் கல்வியின் சாரம் என்ன என்பதைச் சற்று ஆராய்ந்து பார்த்தல் தகும். கொம்பு விளையாட்டைக் கயிறிழுத்தலோடு ஒப்பிடுவோர் உண்டு. வெளித்தோற்றம் அவ்வாறே, உள்ளியல்பு வேறு. கயிறிழுத்தலில் வலிமை மிக்க கட்சி மற்றக் கட்சியைத் தன்பால் இழுத்துவிட்டால் வெற்றி. கொம்பிலோ இழுத்து வந்துவிட்டாற் போதாது. எதிரியின் கொம்பு முறிய வேண்டும். இங்கேதான் ஒரு நுட்பம் உளது. கொழுவிய இரு கொம்புகளுள் ஒன்று மற்றொன்றை எவ்வளவு விசையோடு இழுக்கின்றதோ அவ்வளவு விசையோடு மற்றதும் அதனை இழுக்கின்றது. ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டு என்று நியூற்றன் வகுத்த விதி இதுவே. ஆகவே தென்சேரியில் நூறு பேரும் வடசேரியில் ஐம்பது பேரும் இழுத்தாலும், இரு கொம்புகளும் சந்திக்கும் இடத்தில் இரண்டின் மீதும் ஏறும் பாரம் ஒன்றே. தோள்வலி கொம்பை முறிக்கும். ஆனால் யாருடைய கொம்பை என்பதை அது தீர்மானிப்பதில்லை. அதனைத் தீர்மானிப்பது மரம்.

எனவே உண்மையான போட்டி கயிற்றைப் பிடிக்கும் நாளுக்கு நெடுநாள் முன்னரே காட்டில் நடந்து முடிந்துவிடுகின்றது. வைரம் பாய்ந்த மரம் எது, இயற்கையாகவே வளைந்த கிளை எது என்று தேடித் திரிந்தவன் கண்ணிலேதான் வெற்றி இருக்கின்றது. நேரான கட்டையை வெட்டிச் செதுக்கி வளைவாக்கலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் அதன் நார் நேராகவே ஓடுமாதலின் வளைவிலே நார் அறுபட்டு நிற்கும். பாரம் ஏறியதும் அவ்விடத்திலே பிளக்கும். மரம் தானே வளர்ந்து வளைந்த இடத்தில் நாரும் கூடவே வளைந்து ஓடும். கலப்பைக்குக் கட்டை தேர்ந்த உழவரும் தோணிக்கு வங்குக்கால் தேர்ந்த ஓடாவியரும் இதனை நன்கு அறிவர். வயலும் கடலும் அருகருகே கிடக்கும் தம்பிலுவிற் கரையில் இவ்வறிவுக்குப் பஞ்சமில்லை. கொம்பு விளையாட்டு அவ்வறிவை ஊர்ச் சொத்தாக்கி, பிள்ளைகளின் கையில் வைத்தது.

இனி இவ்விளையாட்டைப் பலர் பேசத் தயங்கும் பக்கத்துக்கு வருவோம். கொம்போடு வசை உண்டு. வென்ற கட்சியார் தம் கொம்பை அலங்கரித்துப் பாட்டும் ஆட்டமுமாக ஊர்வலம் வருவர். தோற்ற கட்சியாரை இழித்துப் பாடுவர். வசைக்கவி என்றே அதற்குப் பெயர். அச்சில் ஏற்றவொண்ணாத சொற்களும் அவற்றில் உண்டு. கற்றோர் முகஞ்சுளித்தனர். முகஞ்சுளித்தவர்களுள் முதன்மையானவர் ஓர் ஆங்கிலேயர் என்பது சுவையானது.

றொபேட் நொக்ஸ் 1660 ஆம் ஆண்டு கொட்டியாரக் கரையிற் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகளைக் கழித்தவர். தப்பிச் சென்று 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் இவ்விளையாட்டை அவர் வருணிக்கின்றார். முழங்கைபோல் வளைந்த இரு தடிகளைக் கொழுவிக் கயிற்றால் இழுப்பர் என்றும், ஒன்று முறியும்வரை இழுப்பர் என்றும், பத்தினித் தெய்வத்துக்குச் செய்யும் இதனால் நாட்டில் நோயும் துன்பமும் நீங்கும் என்று மக்கள் நம்பினர் என்றும் அவர் எழுதுகின்றார். இதில் எவரும் பந்தயப் பணம் கட்டுவதில்லை என்பதையும் குறித்துள்ளார். வென்றவர் பாடும் பாட்டையும் காட்டும் அபிநயத்தையும் எழுத நாணி விட்டுவிட்டார். முன்னர்த் தானும் இதிற் கலந்து களித்த அரசன் பின்னர் தண்டப் பணம் விதித்து இதனை முற்றாகத் தடைசெய்தான் என்கின்றார். அவ்வரசன் இரண்டாம் இராசசிங்கன்.

நொக்ஸ் சொல்லும் அடுத்த செய்தியை வாசிப்போர்க்குச் சிரிப்பு வராமற் போகாது. தடை நிலவிய காலத்திலேயே கம்பளை ஊரார் ஆசை தாங்காது விளையாட்டை மீண்டும் நடத்திவிட்டனர். அரசன் செவிக்கு எட்டியது. தண்டம் வாங்க ஒரு பிரதானி அனுப்பப்பட்டான். தண்டம் கட்ட வாருங்கள் என்றால் ஒருவரும் வாரார் என்று அவன் அறிவான். ஆகவே வேறு காரணம் சொல்லி ஊரைக் கூட்டி, வந்தோரை உள்ளே அடைத்து வைத்துப் பணத்தைப் பெற்றுக்கொண்டான். அரசாணையையும் மீறி ஆடத் துணிந்த அந்தப் பித்து எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பணமும் பரிசும் இல்லாத ஒரு விளையாட்டுக்காக மனிதர் ஏன் தண்டம் கட்டுகின்றனர்?

இக்கேள்விக்கு விடை தேட, உலகின் மறுகோடியில் உள்ள இன்னொரு தீவை நோக்கலாம். அங்கும் வளைந்த கட்டை. அங்கும் பிறப்பால் அமைந்த கட்சி. அங்கும் பழைய தடை. அயர்லாந்தின் ஹேர்லிங் என்னும் ஆட்டம் அது. கட்சிக்கு 15 பேர், கையில் நுனி அகன்று வளைந்த மட்டை, தோலுறையிட்ட சிறு பந்து. பந்து நிலத்தில் உருள்வதைக் காட்டிலும் காற்றிற் பறப்பதே மிகுதி. ஹொக்கி ஆட்டம் கண்டோர் இதனைக் கண்டால் அஞ்சுவர். குறுக்குக் கம்பத்தின் கீழே பந்து சென்றால் மூன்று புள்ளி. மேலே சென்றால் ஒன்று. 1366 இல், அயர்லாந்தை ஆண்ட ஆங்கில ஆதிக்கத்தினர் கில்கென்னி நகரிற் கூடி இயற்றிய சட்டங்களுள், பெருந்தடி கொண்டு பந்தடிக்கும் இவ்வாட்டத்தைத் தம் குடிகள் ஆடலாகாது என்பதும் ஒன்று. அதே கில்கென்னி இன்று அகில அயர்லாந்துப் போட்டியில் வேறெந்தக் கௌண்டியையும் விட மிகுதியான தடவை வாகை சூடிய கௌண்டியாக விளங்குகின்றது. கம்பளையார் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பர்.

கௌண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு. அங்கே ஒரு பையன் சொந்தக் கௌண்டிக்காகவே ஆடுகின்றான். அண்டைக் கௌண்டி பணம் கொடுத்து அவனை வாங்க முடியாது. ஏனெனின் ஆட்டக்காரர்க்குச் சம்பளமே இல்லை. இளையோர்க்கான கௌண்டிப் போட்டி 1928 இல் தொடங்கியது. முதல் ஆண்டில் வென்றது கோர்க் கௌண்டி. நெடுங்காலம் 18 வயதுக்குட்பட்டோர்க்கு உரியதாயிருந்த அப்போட்டி 2018 முதல் 17 வயதுக்குட்பட்டோர்க்கு என மாற்றப்பட்டது. வயதெல்லை இவ்வாறு இறுகியிருப்பதாற் பெரும்பாலான பையன்களுக்கு வாழ்நாளில் ஒரு பருவமே கிட்டுகின்றது. முதலிலே மாகாணப் போட்டி. அதன்பின் நாடளாவிய போட்டி. ஒரு கோடைக்குள் யாவும் முடிந்துவிடும். தோற்றவன் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல இயலாது. அடுத்த ஆண்டு அவனுக்கு வயது கடந்துவிடும். அவனுடைய தம்பிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகையாலேதான் பதினாறு வயதுப் பையன்களின் ஆட்டத்துக்கு ஊர்ப் பெரியவரும் பாட்டிமாரும் திரண்டு வருகின்றனர்.

மரத்தின் செய்தியும் அங்கே ஒத்திருக்கின்றது. ஹேர்லிங் மட்டை ஆஷ் என்னும் மரத்தின் அடிப்பாகத்திலிருந்து அறுக்கப்படுகின்றது. அடிமரம் வேராகப் பிரியும் இடத்தில் நார் வளைந்து ஓடும். மட்டையின் வளைவும் அதனோடு ஒத்துவரும்படி அறுப்பர். நார் வளையாத கட்டை முதல் மோதலிலே பிளந்துவிடும். 2012 முதல் அம்மரத்தை ஒருவகைப் பூஞ்சண நோய் பீடித்து அழித்து வருகின்றது. மூங்கிலிலும் செயற்கைப் பொருளிலும் மட்டை செய்யத் தொடங்கிவிட்டனர். மரம் போனாலும் ஆட்டம் நிற்கும் போலும் என்று சொல்லத் தோன்றுகின்றது. ஆட்டத்தைத் தாங்கி நிற்பது வேறொன்று.

1884 நவம்பர் 1 ஆம் நாள் தேர்ல்ஸ் என்னும் ஊரிலே மைக்கேல் கியூசாக் என்னும் ஆசிரியரும் அவருடைய நண்பர்களும் கூடிக் கேலிக் விளையாட்டுச் சங்கத்தை நிறுவினர். அழிந்துகொண்டிருந்த ஆட்டத்துக்கு விதிகள் எழுதப்பட்டன. ஊர்தோறும் கழகம், கௌண்டிதோறும் சபை, ஆண்டுதோறும் நாட்காட்டி என ஒழுங்கு ஏற்பட்டது. மழை பெய்தாலும் வெயில் எரித்தாலும், ஊரிற் சுகமிருந்தாலும் இல்லாவிட்டாலும், குறித்த நாளிற் போட்டி நடைபெற்றது. 2018 இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் மானிடத்தின் தொட்டுணரா மரபுரிமைப் பட்டியலில் இவ்வாட்டத்தைச் சேர்த்துக்கொண்டது.

கொம்புக்கு இத்தகைய நாட்காட்டி ஒருபோதும் இருந்ததில்லை. வைகாசிச் சடங்கு ஆண்டுதோறும் வரும். கொம்பு அவ்வாறு வருவதன்று. மழை பொய்த்தபோதும், அம்மாள் வருத்தம் என்று மக்கள் அஞ்சிய அம்மை நோய் பரவியபோதும் அம்மன் சினந்துள்ளாள் என்று கருதி, அவளைக் குளிர்விக்கக் கொம்பு வைத்தனர். வரட்சியும் நோயுமே அதன் நாட்காட்டி. அயர்லாந்துப் பையன் தன் பருவத்தை நாட்காட்டியில் எண்ணிக் காத்திருந்தான். தம்பிலுவிற் பையனுக்குப் பருவம் வந்ததென்றால் ஊருக்கு ஏதோ துன்பம் வந்திருக்கின்றது என்பது பொருள். அவன் ஆவலோடு காத்திருந்த விளையாட்டு, ஊரார் வாராதிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒன்றின் பின்னே வந்தது.

இதனை மனத்திற்கொண்டால் கொம்பு ஏன் மறைந்தது என்பதற்கும் ஒரு விளக்கம் தோன்றும். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தினால் சேனநாயக்க சமுத்திரம் எழுந்தது. கரையோர வட்டைகள் பலவற்றுக்கு வாய்க்கால் நீர் வந்தது. அம்மைப்பால் குத்தும் வழக்கம் பரவி, 1980 இல் உலகெங்கும் பெரியம்மை ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. துன்பம் குறையவே துன்பத்தைத் தீர்க்க எழுந்த விளையாட்டுக்கும் தேவை குறைந்தது. இதற்காக எவரும் வருந்த வேண்டியதில்லை. பெரியம்மை திரும்பி வந்து கொம்பு திரும்புவதை விரும்புவார் எவர்? ஆயினும் இஃது ஒன்றே காரணம் எனல் பொருந்தாது. வசையைக் கேட்டுக் கற்றோர் நாணினர். கேலி சில வேளை கைகலப்பாக முடியக்கூடியது. அண்மைக் காலத்துப் போர் ஆண்டுகளில் மக்கள் ஓரிடத்திற் கூடுவதே அச்சத்துக்குரியதாயிற்று, குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. சேரி இன்னது என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கக்கூடியவர்களும் அலையோடு சென்றவர்களுள் இருந்திருப்பர்.

அறிஞர் இவ்விளையாட்டைக் கைவிடவில்லை என்பது ஆறுதல். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலில் இதற்கு இடமளித்தார். கண்ணகி வழக்குரையையும் 1968 இல் அவரே பதிப்பித்தார். பேராசிரியர் கணநாத் ஒபயசேகர பத்தினி வழிபாட்டைப் பற்றி 1984 இல் வெளியிட்ட பெருநூலில் அங்கெலியவை விரிவாக ஆராய்ந்தார். சிங்கள ஊர்களில் அவ்விரு கட்சிகளுக்கு மேற்பக்கம், கீழ்ப்பக்கம் என்னும் பொருள்படும் பெயர்கள் வழங்குகின்றன. வடக்கும் தெற்கும் இங்கே செய்யும் வேலையை மேலும் கீழும் அங்கே செய்கின்றன. கல்லூரி நூலகங்களில் இந்நூல்கள் கிடைக்கும். கொம்பின் வடிவமும் கயிறு கட்டும் முறையும் ஏட்டிலே காப்பாற்றப்பட்டன என்று சொல்லலாம்.

ஏட்டிற் காப்பாற்ற முடியாதது ஒன்று உண்டு. கலைவிழாக்களில் கொம்பு முறித்துக் காட்டுவதுண்டு. கட்டை வளைந்தே இருக்கின்றது, கயிறும் வலியது, இழுப்போரும் உற்சாகமாகவே இழுக்கின்றனர். ஆனால் அன்று காலை ஒழுங்கமைப்பாளர், நீங்கள் இந்தப் பக்கம், நீங்கள் அந்தப் பக்கம் என்று பிரித்துவிட்டவர்கள் அவர்கள். கொம்பு முறியும்போது ஒரு கட்டை முறிகின்றது, கைதட்டல் கேட்கின்றது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் அல்லது மைத்துனரிடம் முகங்கொடுக்க வேண்டிய சங்கடம் எவர்க்கும் இல்லை. பிறப்பால் அமைந்த கட்சி இருந்தபோது தோல்வி வீடுவரை தொடர்ந்து வந்தது. அதனாலேதான் வெற்றிக்கு அத்துணை இனிப்பு. கம்பளையார் தண்டம் கட்டியதும் இதற்காகவே என்று கொள்ளல் தகும்.

அண்டை முஸ்லிம் ஊர்களில் பொல்லடி என்னும் கோலாட்டம் உளது. வட்டமாக நின்று பாட்டுக்கு இசையப் பொல்லோடு பொல்லை அடிப்பர். அங்கே தடிகள் மோதுவது தாளத்துக்காக, முறிவதற்காக அன்று. கலியாண வீடுகளும் விழாக்களும் அதற்குக் களமாயிருந்தமையால், துன்பத்தை எதிர்நோக்கி நிற்க வேண்டிய தேவை பொல்லடிக்கு ஏற்படவில்லை. கொம்புக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை.

வடசேரியா தென்சேரியா என்று இன்றைய தம்பிலுவிற் சிறுவன் ஒருவனைக் கேட்டால், அவன் விழிக்கக்கூடும். அவனுடைய பாட்டனாரைக் கேட்டால் ஒருவேளை விடை கிடைக்கும். கேட்பதற்குச் செலவில்லை, வளைந்த கட்டையும் வேண்டியதில்லை. வைகாசிச் சடங்குக்கு வெளியூரிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கடல் கடந்தும் பிள்ளைகள் வந்து கூடும் நாட்களில், கோயில் வீதியில் அமர்ந்திருக்கும் முதியோரைச் சுற்றி ஓய்ந்த நேரமும் நிறைய உண்டு.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு வரும் வழியிலே தேற்றாத்தீவு என்ற ஊர் உள்ளது. அங்குள்ள பிள்ளையார் கோயிலுக்குக் கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயில் என்று பெயர். சந்தியில் இப்போது கொம்பு முறிப்பாரில்லை. பூசை தவறாமல் நடைபெறுகின்றது. அவ்வழியே செல்வோர் அந்தப் பெயரைச் சொல்லியே இறங்குமிடம் கேட்கின்றனர்.